இரண்டு பேருக்கு இரண்டு சவள்

கனடாவிலிருந்து பனிச்சறுக்குக்காகச் சிசிலிக்குப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் பஸ் டிப்போவில் ஒருவரும் நம்பவில்லை. எலுமிச்சம்பழமும் கடலும் உள்ள ஊருக்குப் பனி தேடிப் போகிறவள் நீ ஒருத்திதான் என்றார்கள்.

நான் ரொறொன்ரோவுக்கு வெளியே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குளிர்காலத்தில் பிள்ளைகளைச் சறுக்கு மலைக்கு ஏற்றிப் போனால், அவர்கள் விளையாடி முடியும்வரை ஆறு மணித்தியாலம் பஸ்ஸுக்குள்ளே காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு இடத்தில் ஆறு நிமிடம் இருக்க ஏலாது. அதனால் நானும் ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் விழுந்தெழும்பிப் பழகினேன். எட்டுக் குளிர்காலம் போனபிறகு விழாமல் இறங்குவேன்.

இது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நாங்கள் கிளிநொச்சியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் இருபது வயதில் கனடாவுக்குப் போய்விட்டேன். அவள் போர் முடியும்வரை வன்னியிலேயே இருந்து, பிறகு சிசிலியில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு சினியோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்கிறாள். சினியோரா ஓய்வுபெற்ற ஆசிரியை, மலைப் பைத்தியம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபிறகு அவரால் மலைக்குப் போக முடியவில்லை. உன்னுடைய காலும் என்னுடைய காலும் ஒரே அளவு, அலுமாரிக்குள் கிடந்து இவை எதற்குப் பழுதாக வேண்டும் என்று தன் ஸ்கீயையும் சப்பாத்தையும் ஜெசிந்தாவிடம் கொடுத்து, தன் மலைக் கூட்டாளிகளோடு அனுப்பிவிட்டார். அது மூன்று வருடத்துக்கு முந்திய கதை.

போன குளிர்காலத்தில் அவள் ஒரு படம் அனுப்பினாள். பனிக்குள் நிற்கிறாள், காலில் ஸ்கீ, முதுகில் பை, பின்னால் தூரத்தில் நீலக் கடல். மார்ச் விடுமுறைக்கு வா என்று கூடவே ஒரு குரல் செய்தி. “இஞ்சை இறங்கிறதுக்கு முதல் ஏறவேணும். லிப்ட் ஒண்டும் இல்லை. அதுக்கு வேறை சாமான் வேணும். நீ காலை மட்டும் கொண்டு வா.”

ஜெசிந்தா இருப்பது பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில், சந்தைக்கு மேலே இரண்டு அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் காயப்போட்ட, சாரம் போலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு முகத்தில் தட்டும். கீழே கத்தரிக்காய், கூனைப்பூ, ஒரு மீன்காரர், ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். நான் வந்திறங்கிய அன்று வெயிலில் ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரிந்தார்கள். என்னுடைய பெரிய கனடாக் கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு படி ஏறியபோது ஒரு கிழவர், யாரோ செத்த கரடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னாராம். ஜெசிந்தா மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அவளை நேரில் பார்த்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. கட்டிப்பிடித்தோம், அழவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனில் கதைக்கிறவர்களுக்கு அழ என்ன இருக்கிறது. சமையல், சம்பந்தம், சளி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலங்கள் என்று எல்லாம் கதைத்திருக்கிறோம். போரின் கடைசி மாதங்களைப் பற்றி மட்டும் அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. தங்கச்சி றீற்றா செத்துப்போனாள் என்று ஒருநாள் சொன்னாள். ஷெல் பட்டிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கடைக்குப் போக பஸ் ஏறினோம். மூன்றாவது தரிப்பிடத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் இன்னொரு காரை யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். சாரதி ஹோர்ன் அடித்தார். பிறகு சீற்றைச் சரித்துவிட்டு பத்திரிகை படிக்கத் தொடங்கினார். நான் பஸ் ஓட்டுகிறவள், எனக்குக் கை கால் எல்லாம் அரித்தது. இறங்கிப்போய் அந்தக் காரை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன். கடைசியில் முடிதிருத்தும் கடையிலிருந்து கழுத்தில் துணியும் பாதி முகத்தில் சோப்பு நுரையுமாக ஒருவர் வந்தார். “கடவுள் உலகத்தைப் படைக்க ஆறு நாள் எடுத்தார். அவருக்கு ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கவில்லை” என்று பஸ்ஸைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். உள்ளே இருந்த பெண்கள் அதை ஒப்புக்கொண்டது போலத் தலையாட்டினார்கள்.

மலைச் சாமான் கடை சின்னது. சொந்தக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க பெண், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் நேரே சுவரில் சாய்த்திருந்த ஸ்கீகளிடம் போனேன். சிவப்பும் மஞ்சளுமாக வடிவான ஒரு சோடி. அவர் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி ஒரு வாங்கில் இருத்தினார். முதலில் சப்பாத்து, ஸ்கீ கடைசி என்றார், ஜெசிந்தா தமிழில் சொன்னாள். ஏறும்போது குதிக்கால் மேலே எழும்ப வேண்டும், இறங்கும்போது இறுகிப் பூட்ட வேண்டும், இரண்டுக்கும் ஒரே சப்பாத்து. அது சரியில்லை என்றால் மிச்சம் எதை வாங்கியும் பிரயோசனமில்லை. போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் கடைக்குள் நடக்கச் சொன்னார். அது எனக்கு ஏற்ற வேலை. நடந்தேன். மூன்றாவது சோடியில்தான் பெருவிரல் தட்டாமலும் குதி தூக்காமலும் வந்தது.

பிறகு தோல். நீளமான பட்டை, ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கட்டை மயிர். ஸ்கீயின் அடியில் ஒட்டினால் முன்னுக்குத் தள்ளும்போது வழுக்கும், பின்னுக்குப் போகப் பார்த்தால் மயிர் நிமிர்ந்து பனியைப் பிடித்துக்கொள்ளும். பனை ஏறுகிறவருக்குக் காலில் மாட்டும் தளநார் செய்கிற வேலை என்று ஜெசிந்தா சொன்னதும் விளங்கிவிட்டது. உச்சியில் உரித்து மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டும். பனி இறுகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் தோல் பிடிக்காது, அப்போது ஸ்கீயோடு கொளுவ இரும்புப் பற்கள். என் கரடிக் கோட்டைக் கடைக்காரி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்து நிற்க நல்லது, ஏறினால் வியர்த்துக் குளிர்ந்து செத்துப்போவாய் என்றார். மெல்லிய கம்பளி உள்சட்டை, காற்றுக்கு ஒரு மேற்சட்டை, பருத்தி ஒன்றும் வேண்டாம். பனிநாட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்குப் பலெர்மோவில் உடுப்புப் பாடம்.

எல்லாவற்றையும் வாடகைக்கு எழுதி முடித்தபிறகு ஜெசிந்தா இன்னும் மூன்று சாமானை மேசையில் வைத்தாள். நெஞ்சில் கட்டுகிற ஒரு சின்னக் கருவி. மடித்து நீட்டுகிற நீளக் கம்பி. பனி அள்ளும் சவள். மலைச்சரிவில் பனி இடிந்து ஒருவரை மூடினால், அவருடைய கருவி விடாமல் சமிக்ஞை அனுப்பும். மற்றவர் தன்னுடையதைத் தேடுகிற பக்கம் மாற்றி இடத்தைக் கண்டுபிடித்து, கம்பியால் குத்திப் பார்த்து, சவளால் தோண்டி எடுக்க வேண்டும்.

எனக்குப் பை பாரமாகிவிடும் என்ற எரிச்சல். நாங்கள் போவது சின்ன மலைதானே, சரி, கருவியைக் கட்டுகிறேன், சவள் உன்னிடம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேருக்கு ஒன்று போதாதா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கடைக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

“என்னட்டை இருக்கிறது உன்னைத் தோண்ட” என்றாள் ஜெசிந்தா. “உன்னட்டை இல்லாட்டி என்னை ஆர் தோண்டுறது?”

அவள் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. எடுத்தேன். இலேசான பிளாஸ்ரிக் சவளில் கை வைத்தபோது அவள் அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டு இரும்பைத் தந்தாள். வரும் வழியில் பனெல்லே வாங்கித் தந்தாள், கடலைமா வடையைப் பாணுக்குள் வைத்து எலுமிச்சம்புளி விட்டது. நடந்துகொண்டே சாப்பிட்டோம். 

மூன்றாம் நாள் பழக்கப்படுத்துவதற்காக ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மீன்பிடிக் கிராமம், வள்ளங்கள், மீன் சாப்பாட்டுக் கடைகள். கரையில் குளிர்காலக் கடல் ஒதுக்கிய கடற்புல் காய்ந்து இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, சினியோரா தந்திருந்த தன் கருவியை ஒரு பைக்குள் போட்டு அந்தக் குவியலுக்குள் எங்கோ புதைத்தாள். பிறகு, ஓடு என்றாள்.

கருவியில் அம்புக்குறியும் ஒரு இலக்கமும் தெரியும். கிட்டப் போகப் போக இலக்கம் குறையும். நான் வேகமாகத்தான் ஓடினேன். வேகம்தான் பிழை. இலக்கம் குறைய முதலே திரும்பி, திரும்பியதை மறந்து, பிழையான இடத்தில் கம்பியைக் குத்தி, வெறும் புல்லைத் தோண்டினேன். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் வேலையை நிறுத்திவிட்டு, மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள் போல என்று கதைத்தார்களாம். பையை எடுத்தபோது பத்தொன்பது நிமிடம். கால் மணித்தியாலத்துக்குள் எடுக்காவிட்டால் கஷ்டம் என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா திரும்பவும் புதைத்தாள். இரண்டாம் முறை பதினொன்று. மூன்றாம் முறை ஏழு. எனக்கு உடம்பெல்லாம் புல்லும் மணலும். போதும், பசிக்கிறது என்றேன்.

அவள் சவளை மடித்தபடி, என்னைப் பாராமல் சொன்னாள்.

“எங்கடை பங்கர் இடிஞ்சு விழேக்கை நான் கழுத்துமட்டும் மண்ணுக்கை. தலை வெளியிலை. அண்ணா சாப்பாட்டுக் கோப்பையாலை என்னைத் தோண்டினவர். றீற்றா எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை. மூண்டு இடத்திலை தோண்டினவை. நாலாவது இடத்திலைதான் இருந்தவள்.”

 அவள் கையைக் கடல்தண்ணியில் கழுவிவிட்டு, வா சாப்பிடுவம் என்றாள். அந்த ஊர்க் கடைகளில் நாம் கேட்கத் தேவையில்லை, ஊறவைத்த நெத்தலி, கணவாய், சிப்பி, சோறு என்று தட்டுத் தட்டாக அவர்களே கொண்டுவந்து வைப்பார்கள். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நான் கணவாயை முள்ளால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

போரின் அந்தக் கடைசி மாதங்களில் ஒரு தரம் ஜெசிந்தா எனக்குப் போன் எடுத்திருந்தாள். யாரிடமோ இருந்த சற்றலைற் போன். நான் டிப்போவில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஷெல் விழுது, என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை என்றாள். நான் என்ன சொல்ல? வெளியிலை வராதை, பங்கருக்குள்ளையே இரு, எல்லாரும் உள்ளுக்கையே இருங்கோ என்று கத்தினேன். பிறகு லைன் அறுந்துவிட்டது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிய ஏழு மாதம் எடுத்தது. தெரிந்தபோது, நான் சொன்னதைக் கேட்டுத்தான் தப்பியிருக்கிறாள் என்றுகூட ஒருமுறை நினைத்திருக்கிறேன். இப்போது கணவாய்த் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தக் கணக்கை மறுபக்கம் திருப்பி, றீற்றா உள்ளேயே இருந்தது என் சொல்லாலா என்று பார்க்க வேண்டியிருந்தது.

நாலாம் நாள் மலைக்குப் போகிறதாக இருந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் வானம் தேத்தண்ணி நிறம். ஆபிரிக்காவிலிருந்து சிரொக்கோ காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. காய்ந்த உடுப்பிலும் காரிலும் கத்தரிக்காயிலும் செம்மண் தூள். எங்களைக் கூட்டிப்போக இருந்த மலை வழிகாட்டி சால்வோ போன் எடுத்து, மேலே பனி இளகுகிறது, காற்று வேறு குவித்து வைக்கும், இரண்டு நாள் பொறுங்கள் என்றார்.

இரண்டு நாள். ஜெசிந்தா வேலைக்குப் போய்விட்டாள். நான் அந்த இரண்டு அறைக்குள் நடந்தேன். சப்பாத்தைப் போட்டு நடந்தேன், கழற்றிவிட்டு நடந்தேன். கருவியின் பற்றரியை மூன்று தரம் பார்த்தேன். கபோ சந்தைக்குப் போய் நுழைந்த வாசலாலேயே வெளியே வந்தேன். திரும்பவும் போனேன். அங்கே ஒருவர் பெரிய சட்டியிலிருந்து மண்ணீரல் துண்டுகளைப் பாணுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று வாங்கிக் கடித்தேன், ருசி பார்க்காமல் விழுங்கினேன். துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஒன்று கயிறு அவிழ்க்கும்வரை நின்றேன். கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். ஜெசிந்தா பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டி இருப்பாள். அவளைப் பார்த்ததும் வாய் வராது. இதைக் கேட்டு அவள் ஓம் என்று சொல்லிவிட்டால் பிறகு நான் எங்கே போவது?

“உனக்கு இஞ்சை பிடிக்கேல்லையோ?” என்று அவள் கேட்டாள். பிடித்திருக்கிறது என்றேன். கதிரையில் இருந்து சொல்லு என்றாள்.

ஆறாம் நாள் காற்று நின்றது. சால்வோவின் காரில் விடியவே வெளிக்கிட்டோம். நாற்பது வயது மனிதர், ஒரு சொல்லுக்கு மேல் இரண்டாவது சொல்லை யோசித்துத்தான் சொல்வார். கடலோரத்தை விட்டு மடோனியே மலைப்பாதையில் திரும்பியதும் ஒலிவ் மரங்கள், பிறகு ஒரு சின்ன ஊர், பிறகு ஆடுகள். அதுவரை வெயில்தான். ஒரு வளைவைத் தாண்டினால் பாதையின் இரண்டு பக்கமும் பனி. அதன் மேற்பரப்பில் இளஞ்சிவப்பாகச் சகாராவின் தூள்.

இறங்கியதும் சால்வோ முன்னால் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவராக அவரைக் கடந்து நடக்க வேண்டும். எங்கள் நெஞ்சிலிருக்கும் கருவியின் சமிக்ஞை தன்னுடையதில் கேட்கிறதா என்று பார்க்கிறார். என்னுடையது கேட்டது. தோலை ஒட்டி, ஏறத் தொடங்கினோம்.

ஏறுவது நான் நினைத்தது போல இல்லை. வேகம் கூடாது. முதல் பத்து நிமிடத்தில் நான் சால்வோவின் ஸ்கீயை இரண்டு தரம் மிதித்துவிட்டேன். அவர் திரும்பி, “மெதுவாக” என்றார். ஜெசிந்தா எனக்குப் பின்னால் ஒரே தாளத்தில் வந்தாள். தூக்காதே, இழு என்றாள். காலைத் தூக்காமல் இழுத்தபோதுதான் மூச்சு வந்தது. கீழே மரங்கள் சின்னதாகிக்கொண்டு போயின. வடக்கே கடல்.

இரண்டு மணித்தியாலம் ஏறியபிறகு ஒரு சரிவைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. ஐம்பது அறுபது மீற்றர் இருக்கும். சால்வோ கம்பியால் பனியைக் குத்திப் பார்த்தார், ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கையால் தட்டிப் பார்த்தார். ஒருவர் போய்ச் சேர்ந்தபிறகு மற்றவர், நிற்கிறவர்கள் கடக்கிற ஆளை விட்டுக் கண் எடுக்கக்கூடாது என்றார். அவர் முதலில் போனார். பிறகு ஜெசிந்தா.

இருபத்தைந்து வருடம் அவளைக் குரலாக மட்டும் வைத்திருந்தேன். இப்போது வெள்ளைச் சரிவில் ஒரு நீலப் பையும் இரண்டு கைத்தடியுமாக அவள் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வேறு வேலை இல்லை, பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் எந்த இடம் என்று நான் ஒவ்வொரு அடிக்கும் குறித்துக்கொண்டேன். பாறைக்கு நேரே. பாறையிலிருந்து இரண்டு அடி. மூன்று அடி. நான் நின்ற இடத்தில் அசையாமல் நின்றேன். ஒன்றும் விழவில்லை. அவள் அந்தப் பக்கம் போய்க் கையைத் தூக்கினாள். பிறகு நான் போனேன்.

உச்சிக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது சால்வோ நின்றுவிட்டார். கடைசிச் சரிவில் காற்று பனியைக் குவித்து வைத்திருக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான் என்றார். அதோ தெரிகிறதே என்றேன். நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்றார். பைகளைப் போட்டு அவற்றின் மேல் இருந்தோம். அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா முட்டைப் பாணும் தோடம்பழமும் எடுத்தாள்.

நான் கேட்டேன். நீ ஒருக்கா எனக்குப் போன் எடுத்தனி, ஞாபகம் இருக்கோ, பங்கரை விட்டு வெளியிலை வராதை எண்டு நான் சொன்னனான் என்றேன்.  

அவள் தோடம்பழத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். நிசமாக யோசித்தாள்.

“நான் எடுத்தனானோ?” என்றாள்.

ஓம் என்றேன். டிப்போவைச் சொன்னேன், தண்ணிக் குழாயைச் சொன்னேன், லைன் அறுந்ததைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஞாபகம் வந்ததாக அல்ல, நான் சொல்வதைக் கேட்கிறேன் என்பதற்காக.

“எனக்கு ஞாபகம் இல்லையடி. எத்தினை பேருக்கு எடுத்தனாங்கள். எல்லாரும் ஏதோ சொன்னவைதான்.” பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. “வெளியிலை நிண்ட சனமும்தான் செத்தது. நீ ரொறொன்ரோவிலை இருந்து சொல்லித்தான் நாங்கள் உள்ளுக்கை இருந்தனாங்கள் எண்டு நினைச்சனியோ? இதைத்தானே மூண்டு நாளாத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளை நடந்தனி?”

ஆறுதல் முதலில் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அவளுடைய சாவு வாழ்வில் நான் ஒரு பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்கு அந்த அழைப்பே ஞாபகம் இல்லை. அவள் தோடம்பழத்தில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள். சாப்பிட்டேன். பல் கூசும் குளிர், இனிப்பு.

“றீற்றாவுக்கு நீ சீப்பு ஒண்டு அனுப்பினனி” என்றாள், மற்றப் பாதியைச் சுளை பிரித்தபடி. “சிவப்பு. அது எனக்கு ஞாபகம் இருக்கு.”

சீப்பு அனுப்பியது எனக்கு ஞாபகம் இல்லை.

தோலை உரித்து மடித்தோம். சப்பாத்தை இறுக்கிப் பூட்டினோம். கடந்து வந்த சரிவைப் பழையபடி ஒவ்வொருவராகக் கடந்து, அதற்குப் பிறகு இறங்கத் தொடங்கினோம். இறங்குவதில் நான்தான் கெட்டிக்காரி என்று அப்போதுதான் தெரிந்தது. ஜெசிந்தா ஏறும்போது ராணி, இறங்கும்போது மூட்டை. ஒரு திருப்பத்துக்கு ஒருதரம் விழுந்தாள். நான் பக்கவாட்டில் ஏறிப் போய்க் கையைக் கொடுத்துத் தூக்குவேன், பனியைத் தட்டுவேன், அவள் சிரிப்பாள், திரும்ப விழுவாள். சால்வோ கீழே நின்று காத்திருந்தார். கடைசி மரங்களுக்கிடையில் அவள் இருந்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தாள்.

காருக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் துவாயை விரித்து இருந்தோம். சப்பாத்து இரண்டு பேருக்கும் கழலவில்லை. அவள் என்னுடையதைப் பிடித்து இழுத்தாள், நான் அவளுடையதை. என்னுடையது சடாரென்று கழன்று வந்ததும் அவள் அதைப் பிடித்தபடி பின்னால் சரிந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நிறுத்த ஏலாமல் வந்தது. சால்வோ காரைச் சுற்றி மற்றப் பக்கம் போய்விட்டார். ஜெசிந்தா சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

கால் நோகுது, சப்பாத்து கடிச்சுப் போட்டுது என்றேன்.

“ஓம்” என்றாள். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக் காலுறையைக் கழற்றினாள். “முதல் நாள் அப்பிடித்தான்.”